7 கிலோ உப்பு... 12 மில்லிகிராம் அயோடின்!

சிங்கப்பூர் போய் வந்தவர்களுக்கு முஸ்தபா தெரியும், செந்தோசா தெரியும். சிராங்கூன் நார்த் அவென்யூ 1 தெரியாது. லிட்டில் இந்தியா இருக்கிற சிராங்கூன் ரோடு வேறு, இது வேறு. இன்னும் வடக்கே தள்ளி, பஸ் பிடித்துப் போக வேண்டும். நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி அடுக்குமாடிகள். கீழ்த்தளத்தில் அடுத்தடுத்து மீன் கடைகள். குழம்புக்கு இல்லை சார், கண்ணாடித் தொட்டிக்கு! சென்னைக் கொளத்தூர் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு, கழுத்தில் ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாமல் இளைஞர்கள் நேராக இங்கே வந்து நிற்கிறார்கள். ஒரு கையில் லேப்டாப் பை, இன்னொரு கையில் கேன். கேனில் கடல் தண்ணீர்! சுற்றிலும் கடல் இருக்கிற ஊரில் கடல் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

என்னைக் கூட்டிப் போனவன், ஒரு காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் ரூம்மேட். அன்றைக்குக் குளிக்கிற தண்ணீரைப் பற்றியே கவலைப்படாதவன். இன்றைக்கு ஹாலில், டி.வி. இருக்க வேண்டிய இடத்தில் 200 லிட்டர் தொட்டி வைத்து, அதன் தண்ணீருக்கு ஜாதகம் எழுதி வைத்திருக்கிறான்.

நீல விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால் மூளை மாதிரி ஒன்று, மான் கொம்பு மாதிரி ஒன்று, பச்சையும் ஊதாவுமாக மின்னுகிறது. எல்லாம் பவளம். செடி இல்லை, கல்லும் இல்லை. கூட்டுக் குடித்தனம் நடத்துகிற குட்டிக் குட்டிப் பிராணிகள். தண்ணீரில் இருக்கிற கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும். கடலில் சரக்கு தீராது. ஹாலில் தீர்ந்துவிடும். அப்புறம் யார் ஊற்றுவது? இவன்தான்.

"என்னடா ஊற்றுவே?"

"சுண்ணாம்புத் தண்ணி."

கிண்டல் இல்லையாம். சுத்தமான சுண்ணாம்புப் பவுடரைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, ஆவியாகிப்போகிற தண்ணீருக்குப் பதிலாக ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஜெர்மன்காரர்கள் இதற்கு 'கால்க்வாசர்' என்று பெயர் வைத்துப் பிரபலப்படுத்தினார்கள். (தேக்காவில் கிடைக்கிற வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகாது. நான் கேட்டுவிட்டேன்!) இன்னொரு வழியில், கால்சியம் குளோரைடு கரைசல் ஒரு பாட்டில், ஆப்ப சோடா கரைசல் ஒரு பாட்டில். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால் தொட்டி பால் மாதிரி வெளுத்துவிடும்.

எனக்குத் தூத்துக்குடி ஞாபகம் வந்தது. மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்ட காலம் ஒன்று உண்டு. இங்கே சுண்ணாம்பைக் கரைத்துப் பவளம் வளர்க்கிறான். நாமும் வளர்க்கலாமே என்று யாரும் ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறிவிட வேண்டாம். 2001-லிருந்து இந்தியாவில் பாறை கட்டுகிற பவளங்கள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில். அதாவது, புலிக்குக் கொடுக்கிற அந்தஸ்து. கை வைத்தால் களி!

கால்சியம், சோடா எல்லாம் கிராம் கணக்கு, சமாளித்துவிடலாம். தலைவலி அடுத்ததில்தான் இருக்கிறது. ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினான். 200 லிட்டர் கடல் தண்ணீரில் உப்பு சுமார் 7 கிலோ. கால்சியம் 84 கிராம். ஸ்ட்ரான்ஷியம் ஒன்றரை கிராம் சொச்சம். அயோடின்? மொத்தமே 12 மில்லிகிராம்! ஆனால் கடைகளில் அயோடின், இரும்பு, மாங்கனீஸ் என்று குட்டிக் குட்டி பாட்டில்களில், 'கலர் ஏறும்' என்று ஆசை காட்டி வரிசையாக வைத்திருக்கிறார்கள். சிலர் நேராக லூகால் அயோடினையே விடுகிறார்கள். 5 சதவீத லூகாலில் ஒரு சொட்டுக்குச் சுமார் 6 மில்லிகிராம். இரண்டு சொட்டு விட்டால், தொட்டியின் மொத்த அயோடினும் இரண்டு மடங்கு!

போன வருஷம் அப்படியொரு பாட்டிலை அளக்காமல் ஊற்றியிருக்கிறான். பத்தே நாளில் மான் கொம்பு நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்து, எலும்பு மட்டும் மிச்சம். ஆறு வருஷம் வளர்த்தது. கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து இருந்ததாம். ஷோகேஸில் வைத்திருக்கிறான், தூசி தட்டக்கூட யாரையும் விடுவதில்லை.

அதற்கப்புறம், அளக்க முடியாததை ஊற்றுவதில்லை என்று சட்டம் போட்டுக்கொண்டான். கால்சியத்தை வீட்டிலேயே அளக்கலாம். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்து போட்டு, சொட்டுகளை எண்ண வேண்டும். ரோஸ் நீலமாகிற சொட்டுதான் விடை. 'இது நீலமா, ஊதாவா?' என்று புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய விவாதமே நடக்கிறது. நுண் தனிமங்கள் பெரும்பாலும் இந்த வித்தைக்கு அகப்படாது. அதற்குச் சின்னக் குழாயில் தண்ணீர் அடைத்து லேபுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பல ஆயிரம் டிகிரிப் பிளாஸ்மாவில் அதைத் தெளித்து, எந்தத் தனிமம் எந்த வெளிச்சம் விடுகிறது என்று பார்த்து, முப்பதுக்கு மேல் ஐட்டங்களுக்கு ரிப்போர்ட் வருகிறது. முதல் ரிப்போர்ட்டில் துத்தநாகம் எகிறியிருந்தது. துப்பறிந்ததில், பம்ப் குழாயில் துருப்பிடித்த ஒரு கிளாம்ப்!

கடையில் கேன் தூக்கிக்கொண்டிருந்த ஒரு சீன இளைஞர், "வாரா வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுகிறேன், பாட்டிலே வாங்குவதில்லை" என்றார். புதுத் தண்ணீரிலேயே எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வந்துவிடுகிறதாம். சின்னத் தொட்டிக்கு அதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. நண்பனிடம் சொன்னேன். முறைத்தான்.

காபி கொண்டுவந்த அவன் மனைவி என்னிடம் சொன்னார்: "என் பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் வந்து நாலு நாள் ஆச்சுண்ணா. போய் வாங்கிட்டு வரச் சொன்னா நேரமில்லையாம். இந்தத் தண்ணியோட ரிப்போர்ட் மட்டும் மனப்பாடம்!"

அவன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி, "பதினொண்ணு... பன்னிரண்டு..." என்று எண்ணிக்கொண்டிருந்தான்.