மண்ணைப் பார்த்துதான் டயர்

விவசாயி கார் டயரைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு கேப்பீங்க. இருக்கு. எங்க வீட்டு வாசல்ல கிடக்கிற சக்கரத்தை எண்ணிப் பாருங்க. பழைய டிராக்டருக்குப் பின்னாடி பெரிசு ரெண்டு, முன்னாடி சின்னது ரெண்டு. டிரெய்லருக்கு ரெண்டு. எக்ஸ்எல் வண்டிக்கு ரெண்டு. சுவத்துல சாஞ்சிருக்கிற இரும்புக் கேஜ்வீல் ஒரு ஜோடி. கொல்லையில அப்பா காலத்துக் கட்டை வண்டிச் சக்கரம் ஒண்ணு, அதுல இப்போ பாகற்கொடி ஏறியிருக்கு. சக்கரம் தப்பாப் போனா என்ன ஆகும்னு எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. சேத்துல வண்டி புதைஞ்சா வயலே சொல்லிக் கொடுத்துடும்.

டிராக்டர் டயர்ல பட்டன் இருக்கு பாருங்க, அந்த வி மாதிரி மேடு. அதுக்குத் திசை உண்டு. சரியா மாட்டினா சேத்தை ரெண்டு பக்கமும் தள்ளிட்டுப் போகும். திருப்பி மாட்டினா சேத்தை உள்ளயே இழுத்து அப்பிக்கும், வண்டி நின்ன இடத்துலயே சுத்தும். புழுதி உழவுல பிடிப்பு வேணும்னா பின் டயர்ல முக்காவாசிக்குத் தண்ணி அடைப்போம், வெயிட்டுக்காக. நடவுக்குச் சேறடிக்கிறப்ப கேஜ்வீல். ஒரே வண்டி, ஒரே வயல். ஆனா மண்ணு மாறினா சக்கரம் மாறணும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

என் அண்ணன் மகன் சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் வாங்கினான். சின்னக் கார்தான், ஆனா டர்போ இஞ்சின். மிதிச்சா சீறும். தரையோட தரையா படுத்த மாதிரி இருக்கும், எங்க தெருவுல திரும்பும்போது வேகத்தடையில வயிறு உரசும். அந்தக் கார் மேல அவனுக்கு உசுரு. அதை நான் கேலி பண்ண மாட்டேன். நாள் முழுக்க நாற்காலியில உக்காந்து வேலை பாக்கிற பையன், வாரத்துல ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடிச்சா முகம் மலருது. எங்க தலைமுறையில காளைக்கு இருந்த ஆசை இவங்களுக்குக் காருக்கு.

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்திருந்தான். எல்லா வண்டியையும் வரிசையா நிறுத்திக் கழுவறது எங்க வீட்டு வழக்கம். அவன் காரோட சக்கரத்தை நான் தேய்ச்சேன். முன் டயர் உள்பக்கம் கை பட்டதும் சந்தேகம் வந்துச்சு. வெளிப்பக்கம் பள்ளக்கோடு நல்லாத் தெரியுது. உள்பக்கம் வழவழன்னு இருக்கு. ஒரு ஈர்க்குச்சியை ஒடிச்சு பள்ளத்துல விட்டு, நகத்தால அடையாளம் வச்சு, பேத்தியோட ஸ்கேல்ல அளந்தேன். வெளிய 3 மில்லி. உள்ள 2 மில்லிகூட முழுசா இல்லை. புது கார் டயர்ல 7, 8 மில்லி இருக்கும். 1.6 மில்லிக்குக் கீழ போனா சட்டப்படியே அந்த டயர் ரோட்டுல ஓடக் கூடாது.

அடுத்து டயர் பக்கத்துல இருக்கிற எழுத்தைப் படிச்சேன். நீள்வட்டக் கட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 1418. அப்படின்னா 2018ஆம் வருஷம் 14ஆவது வாரம் செஞ்சது. அதாவது ஏப்ரல் தொடக்கம். பக்கச்சுவர்ல கோடைக்கால வயல் மாதிரி மெல்லிசா வெடிப்பு வேற. ரப்பருக்கு வயசு உண்டு. ஓடினாலும் ஆகும், நிழல்ல நின்னாலும் ஆகும்.

"தம்பி, இந்த டயர்ல தீபாவளிக்கு வரப்போறியா?"

"மாத்தணும் சித்தப்பா. முன்னாடி ரெண்டை மட்டும் மாத்தலாம்னு இருக்கேன். இல்லைன்னா பேசாம பதினேழு இஞ்ச் அலாய் போட்டு நாலையும் அகலமாப் போட்டுடலாமான்னு ஒரு யோசனை. பார்க்க சும்மா சூப்பரா இருக்கும்."

அவன் பொண்டாட்டி தூணோரமா நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. இடுப்புல மூணு வயசுக் குழந்தை. தீபாவளின்னா ஐப்பசி. விக்கிரவாண்டியில திரும்பி கும்பகோணம் வழியா மன்னார்குடி பக்கம் வரணும், வேலை முடிச்சு ராத்திரிதான் கிளம்புவாங்க. ஐப்பசி ராத்திரி அந்த ரோட்டுல மழை எப்படி அடிக்கும்னு எனக்குத் தெரியும். அன்னிக்குச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து பேசி முடிச்சோம்.

முதல்ல அந்தப் பதினேழு இஞ்ச். அவன் காருக்கு கம்பெனி போட்ட அளவு 195/55 ஆர்16. இதுல 195ங்கிறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 55ங்கிறது அந்த அகலத்துல 55 சதவீதம் பக்கச்சுவரோட உயரம். 16ங்கிறது உள்ள இருக்கிற ரிம்மோட விட்டம், இஞ்சுல. கணக்குப் போட்டா பக்கச்சுவர் 107 மில்லி, ஏறக்குறைய அரைச்சாண். அவன் ஆசைப்பட்டது 205/45 ஆர்17. அதுல பக்கச்சுவர் 92 மில்லி. மொத்தச் சக்கர உயரம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இரும்பு வளர்ந்து காத்து குறையுது, அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை சென்டிமீட்டர் காத்துதான் நம்ம ரோட்டுக் குழியில ரிம்மைக் காப்பாத்துது. பக்கச்சுவர் குட்டையா இருந்தா வளைவுல வண்டி ஆடாது, ஸ்டியரிங் சொன்னதும் கேக்கும். அது நிஜம். அதனாலதான் வேகமான வண்டிக்கு அப்படிப் போடறாங்க. ஆனா மழையில குழி எங்க இருக்குன்னே தெரியாம தண்ணி நிக்கிற ரோட்டுல, அந்த டயர் குழியில இறங்கினா ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல நசுங்கும். உள்ள நூல் அறுந்து பக்கச்சுவர்ல கட்டி மாதிரி புடைக்கும். அப்படிப் புடைச்ச டயரை யாராலயும் ஒட்ட முடியாது, தூக்கித்தான் போடணும்.

நான் அவனுக்கு மாட்டைத்தான் சொன்னேன். எங்க பக்கத்து மாடு உம்பளச்சேரி. உருவம் சின்னது. காங்கேயம் காளை நிக்கிற கம்பீரம் அதுக்கு வராது. ஆனா டெல்டா சேத்துல நாள் பூரா உழ அதுதான் லாயக்கு. காங்கேயம் மட்டம்னு அர்த்தம் இல்லை. இந்த மண்ணுக்கு இது. அவன் சிரிச்சுட்டு, "சரி சித்தப்பா, பதினாறே இருக்கட்டும்"னான்.

அடுத்து ரெண்டா நாலா. முன்சக்கரம் இழுக்கிற வண்டி, அதனால புது டயரை முன்னாடி போடணும்னு பல பேர் நினைக்கிறாங்க. ரெண்டுதான் வாங்க முடியும்னா புதுசு பின்னாடிதான் போகணும். காரணம் சுலபம். ஈர ரோட்டுல முன்டயர் வழுக்கினா வண்டி நேரா போகும், பயந்து காலை எடுத்தா வேகம் குறைஞ்சு பிடிப்பு திரும்பி வரும். பின்டயர் வழுக்கினா வால் சுத்திடும். அப்புறம் ஸ்டியரிங் நம்ம பேச்சைக் கேக்காது. அவன் வண்டியில நாலுமே ஒரே வயசு, நாலுமே கிழடு. அதனால நாலையும் மாத்தச் சொன்னேன். முன்டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சதுக்கு வீல் அலைன்மெண்ட் பார்க்கச் சொன்னேன். அதைப் பார்க்காம புதுசு போட்டா புதுசும் அப்படியே தேயும்.

எந்த டயர்ங்கிறதுதான் பெரிய பேச்சு. தஞ்சாவூர் கடைக்குப் போன் போட்டான். "சார், ஆல் சீசன் டயர் இருக்கு, எல்லா காலத்துக்கும் ஓடும்"னாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் ஜெர்மனியில இருக்கான். அங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை டயர் மாத்துவாங்களாம், கோடைக்கு ஒண்ணு, பனிக்கு ஒண்ணு. 7 டிகிரிக்குக் கீழ குளிர் போனா கோடை டயரோட ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையும். குளிர்கால டயர் மெதுவான ரப்பர், பனியில கடிக்கும், ஆனா வெயில்ல குழைஞ்சு சீக்கிரம் தேயும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சமாதானம்தான் ஆல் சீசன். பனிக்கு நிஜமாவே தேறின டயர்ல மலைக்கு நடுவுல பனிப்பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும்.

மன்னார்குடியில 7 டிகிரி எங்க வருது? மார்கழி விடியக்காலையில நாங்க நடுங்கறதே அதுக்கு ரொம்ப மேலதான். நமக்கு ரோடு கேக்கிற சீசன் ரெண்டு. சித்திரை, ஐப்பசி. சித்திரைக்குச் சூட்டைத் தாங்கணும். ஐப்பசிக்குத் தண்ணியை வெளியேத்தணும்.

தண்ணியை வெளியேத்தறதுன்னா எங்களுக்கு வடிகால். சம்பா நட்ட வயல்ல வடிகால் தூர்ந்துபோனா ஒரு ராத்திரி மழையில பயிர் மூழ்கும். டயர் மேல ஓடற பள்ளக்கோடும் வடிகால்தான். ரப்பருக்கும் தாருக்கும் நடுவுல வர்ற தண்ணியை அது வாங்கிப் பின்னாடியும் பக்கத்துலயும் தள்ளணும். பள்ளம் ஆழம் குறைஞ்சா, வேகம் கூடினா, தள்ள நேரம் பத்தாது. டயர் தண்ணி மேல ஏறி மிதக்கும். அந்த நேரம் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. படகுதான். அகலமான டயருக்குத் தள்ள வேண்டிய தண்ணியும் ஜாஸ்தி, இதையும் பார்க்கணும்.

கடையில மூணு வகை காட்டினாங்க. ஒண்ணு ஸ்போர்ட்ஸ் வகை. மெதுவான ரப்பர், ஓரத்துல பெரிய பெரிய கட்டி. காய்ஞ்ச ரோட்டு வளைவுல ஒட்டிக்கும், ஆனா சீக்கிரம் தேயும். இன்னொண்ணு ரொம்ப நாள் உழைக்கிற, பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வகை. ரப்பர் கெட்டி. மூணாவது நடுத்தரம். நாலு நேர்க்கோடு ஆழமா, அகலமா ஓடுது, பக்கத்துக்குக் கிளை வாய்க்கால் பிரியுது. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடிச்சுப்போச்சு. சில டயர்ல பக்கத்துல டிராக்‌ஷன்னு போட்டு ஏஏ, ஏ, பி, சின்னு ஒரு எழுத்து இருக்கும். ஈர ரோட்டுல நேரா பிரேக் பிடிச்சா நிக்கிற திறமைக்கான தரம் அது. ஏஏ உசத்தி. கடையில டிசைனைக் கேக்கிறதுக்கு முன்னாடி அந்த எழுத்து இருக்கான்னு பாருங்க.

அளவுக்குப் பின்னாடி 87வினு இருந்துச்சு. 87ன்னா ஒரு டயர் 545 கிலோ தாங்கும். விங்கிற எழுத்து மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துக்கான தகுதி. அந்த வேகத்துல ஓட்டறதுக்கு இல்லை. கம்பெனி சொன்ன எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழ இறங்கக் கூடாதுன்னுதான் பார்க்கிறது.

வெளிநாட்டு பிராண்டா நம்ம பிராண்டான்னு ஒரு குழப்பம் அவனுக்கு. எம்.ஆர்.எஃப். 1946ல திருவொற்றியூர்ல பலூன் செய்யத் தொடங்கின கம்பெனி. பிரெஞ்சுக்கார மிஷ்லினுக்கு கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய்கண்டிகையில தொழிற்சாலை இருக்கு. அப்போலோ ஒரகடத்துல செய்யுது. பேர் எந்த நாடா இருந்தாலும் நல்ல சரக்கு உண்டு. பேரைவிட அந்த நாலு எண்ணைப் பாருன்னேன். கடைக்காரர் முதல்ல எடுத்துட்டு வந்தது ரெண்டு வருஷம் ஆன சரக்கு. கேட்டதும் உள்ளேயிருந்து மூணு மாசத்துச் சரக்கு வந்துச்சு. விலை அதேதான்.

நாலுக்கும் சேர்த்து இருபத்தெட்டாயிரம் ஆச்சு. எனக்கு அது ஒரு ஏக்கர் சம்பா செலவு. அவன் சம்பளத்துக்கும் அது சும்மா இல்லை, வீட்டுக்கடன் இருக்கு. நைட்ரஜன் அடைக்க தனிக் காசு கேட்டாங்க, வேண்டாம்னுட்டோம். சும்மா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற காகிதத்துல எவ்வளவு அடைக்கணும்னு இருக்கு, டயர் சூடேறாதப்ப அதைப் பார்த்து அடைச்சாப் போதும். சித்திரையில டயர் வெடிக்கிறதுக்குப் பெரும்பாலும் காத்து குறைவுதான் காரணம். குறைஞ்ச டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்த்தோம், அதுல காத்து பாதிதான் இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு நல்ல மழை. ஓட்டிட்டு வந்தான். "பிரேக் பிடிச்சா நிக்குது சித்தப்பா. ஆனா வளைவுல அந்தப் பழைய விறைப்பு இல்லை"ன்னான். குரல்ல கொஞ்சம் ஏக்கம் இருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. ஒண்ணை வாங்க ஒண்ணைக் கொடுத்திருக்கான். அவன் கொடுத்தது வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற ஒரு சின்ன சந்தோஷம். அதுவும் காசு மாதிரிதான், கணக்குல வரும். அவன் பொண்டாட்டி மட்டும் அன்னிக்கு எனக்கு ரெண்டாவது டம்ளர் காப்பி கேக்காமலே கொண்டாந்து வச்சா.

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தாங்க. கும்பகோணத்துலேர்ந்து கொட்டற மழை. குழந்தை பின்சீட்டுல தூங்கிட்டே வந்திருக்கு. "எப்படிடா வந்தே?"ன்னேன். "சும்மா வந்தோம் சித்தப்பா, மெதுவாத்தான்"னான். ராத்திரிப் பயணத்துல அப்படி ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லக் கேக்கிறதுக்குத்தான் இவ்வளவும்.

நீங்க மாடிவீட்டுல இருந்து இதைப் படிச்சா, இன்னிக்கு சாயங்காலம் கீழ பார்க்கிங்குக்கு இறங்குங்க. அஞ்சு டயர்லயும் அந்த நாலு எண்ணைப் படிங்க. ஈர்க்குச்சி கிடைக்காட்டி தீக்குச்சி போதும். உள்பக்கமும் கையை விட்டுத் தடவுங்க.

எனக்கு வடக்குப் பக்கம் இருட்டிக்கிட்டு வருது. மண்வெட்டியை எடுத்துட்டு வடிகால் பார்க்கப் போறேன்.