உக்கடத்தில் வாங்கிய ரம்பம்

அப்பா உக்கடத்துக்குக் கிளம்பினால் நானும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவேன். எண்பதுகளின் கடைசி அது. பழைய இரும்புக் கடைகளில், மில்கள் கழித்துவிட்ட மோட்டார்களும் புல்லிகளும் பல்சக்கரங்களும் குவிந்து கிடக்கும். நடுவில் எங்காவது ஒரு ராலிவுல்ஃப் டிரில்லிங் மெஷின் தலையை நீட்டும். கிரீஸும் துருவும் கலந்த அந்த வாசனை எனக்கு அத்தனை பிடிக்கும். கோயம்புத்தூர் மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர். காயில் எரிந்தால் ரீவைண்டிங் பண்ண ஆள் உண்டு, பேரிங் போனால் அடுத்த தெருவில் கிடைக்கும். பழைய மெஷினை நம்பி வாங்க அந்தத் தைரியம்தான் காரணம்.

அப்பா இழைப்புளியும் உளியும் கொட்டாப்புளியுமாகத் தொழில் படித்த ஆசாரி. கதவு, நிலவு வேலை கூடிக்கொண்டே போனதால் கையில் பிடித்து அறுக்கிற வட்ட ரம்ப மெஷின் ஒன்று தேவைப்பட்டது. புதுசின் விலை கட்டுப்படியாகவில்லை.

கடைக்காரர் மெஷினை எடுத்ததும் பிளக்கில் சொருகப் போவார். அப்பா விடமாட்டார். "இருங்க பாய், ஓட்டறதுக்கு முன்னாடி கையில பாத்துக்கறனுங்க." முதலில் காற்றுத் துளையருகே மூக்கை வைப்பார். எரிந்த வார்னிஷ் நெடி அடித்தால் அத்தோடு சரி. பிறகு பிளேடு மாட்டும் தண்டைப் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் கண்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டு மூடியை ஸ்க்ரூடிரைவரால் திருகியதும் ஸ்பிரிங்கோடு கார்பன் பிரஷ் துள்ளி வெளியே வரும். அந்தச் சின்னக் கரித்துண்டை என் உள்ளங்கையில் வைத்து, "முனையைப் பாரு கண்ணு" என்பார். முனை வழவழப்பாக வளைந்திருந்தால் நல்லது. குட்டையாகத் தேய்ந்திருந்தாலும் பாதகமில்லை, மாற்றிக்கொள்ளலாம். பொரிந்து கருகியிருந்தால் ஆர்மேச்சரில்தான் கோளாறு. ஓடவிட்ட பிறகு சின்ன நீலப் பொறி வந்தால் ஒத்துக்கொள்வார். நெருப்பு வளையமாகச் சுற்றினால் வாங்கமாட்டார். இரும்பு உடம்புள்ள மெஷின் என்றால் டெஸ்டரை வைத்துக் கரண்ட் கசிகிறதா என்றும் பார்ப்பார்.

ஒருமுறை எல்லாவற்றிலும் தேறிய மெஷின் ஒன்று வந்தது. பெயின்ட்கூடப் போகவில்லை. ஆனால் பிளேடின் அடிப்பாகத்தை மூடுகிற கார்டை யாரோ கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். "அறுக்கறப்ப தடுக்குதுன்னு எல்லாரும் இப்படித்தான் கட்டுவாங்க ஆசாரி" என்றார் பாய். அப்பா கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினார். கார்டு மூடிக்கொள்ளாமல் தொங்கியது. உள்ளே ஸ்பிரிங் இல்லை. மெஷினைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போதுதான் காரணம் சொன்னார். பாதி அறுத்த பலகை இரண்டு பக்கமும் நெருங்கி பிளேடைக் கவ்வினால் மெஷின் ஆளைப் பார்த்து உதைக்கும். சுவிட்சை விட்டாலும் பிளேடு உடனே நிற்காது. அந்த நேரத்தில் தொடைக்கும் பிளேடுக்கும் நடுவில் இருப்பது அந்தக் கார்டு மட்டும்தான்.

பிறகு கிடைத்தது பெயின்ட் உரிந்த மெஷின்தான். கார்டை இழுத்துவிட்டால் 'டப்'பென்று மூடியது. வீட்டுக்கு வந்ததும் ஒட்டுப்போட்ட வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, எர்த்தோடு மூன்று கம்பி வயரும் மூன்று முள் பிளக்கும் போட்டார். வேலை செய்யும்போது வேட்டியைக் கழற்றிவிட்டுக் காக்கி டிரவுசர், தோளில் துண்டு கிடையாது, கையில் உறை கிடையாது. சுற்றுகிற பிளேடு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். பழைய மரமென்றால் முதலில் ஆணி தேடிப் பிடுங்குவார். பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி என் மடியில் வைப்பார். அவர் கேட்கும்வரை நான் அதைக் கொடுக்கக் கூடாது. அந்த உத்தியோகத்தில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்த மெஷினில் அறுத்த நிலவுகள் எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றும் நிற்கின்றன.

இப்போது மார்பிள் கட்டரிலும் நாலு அங்குலக் கிரைண்டரிலும் மர பிளேடை மாட்டி அறுக்கிறார்கள். பார்க்கவே வயிற்றைக் கலக்குகிறது. ஏழு அங்குல வட்ட ரம்பம் நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்றுச் சுற்றும். கிரைண்டர் 11,000 சுற்றுவரை போகும், அதில் தானாக மூடும் கார்டும் இல்லை. பழைய மெஷின் தாராளமாக வாங்குங்கள். ஆனால் மரத்துக்கென்று செய்ததை வாங்குங்கள். கார்டு மூடாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.