மூன்று ஊர் போதும்!

"இரண்டு நாளில் ஐந்து ஊர்!" என்று ஜாபிதா போட்டார் என் கணவர். பட்டணத்துக்காரர்களான எங்களுக்குப் பெரம்பலூர், அரியலூர்ச் சீமை புதிது. மாமியாருக்கோ முழங்கால் வலி. இனி ஒரு பிரயாணம் வாய்க்குமோ, என்னவோ! ஏறி இறங்க வேண்டிய பச்சைமலையையும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் அடித்துவிட்டேன்.

முதல் நாள் முழுவதும் அரும்பாவூர். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச் சிற்பங்களின் ஊர். ஒரே மரத்துண்டிலிருந்து அம்மன் முகம் பிறப்பதை மாமியார் அலுக்காமல் பார்த்தார்.

மறுநாள் காலை சாத்தனூர். 12 கோடி வருஷத்துக் கல்மரத்தைக் கண்டு, "நேத்து மரம் அம்மனாச்சு, இங்கே மரமே கல்லாப் போச்சே!" என்றார். மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும். அதனால் சாப்பாடு, சிறு தூக்கம். வெயில் தாழ்ந்த பிறகு கங்கைகொண்ட சோழபுரம்.

"எத்தனை ஊர் பார்த்தீர்கள்?" என்று யாரேனும் கேட்டால், "மூணு. மூணையும் கண் நிறையப் பார்த்தேன்" என்கிறார் மாமியார்.