நேக் சந்தின் பாறைத் தோட்டம்

சண்டிகருக்குப் போகிறவர்கள், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே நிர்மாணித்த தலைமைச் செயலகத்தையும் உயர் நீதிமன்றத்தையும் முதலில் பார்த்து, நேர்கோடுகளின் மகிமையில் கண் சலித்துப்போன பிறகு, பக்கத்திலேயே சுக்னா ஏரிக்குப் போகும் வழியிலுள்ள பாறைத் தோட்டத்தில் நுழைவதுதான் உசிதம் என்பது என் அபிப்பிராயம். அந்த நகரம் எழும்புவதற்காக இடித்துத் தள்ளிய கிராமங்களின் ஓடும் பானைச் சில்லுமே அல்லவா இங்கே ரூபம் மாறி நிற்கின்றன!

இங்குள்ள சிற்பங்களைச் செய்த நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். பிரிவினையின்போது, இன்று பாகிஸ்தானில் இருக்கும் தம் சொந்த கிராமத்தை விட்டு வந்தவர். கட்டடம் எதுவும் எழுப்பலாகாது என்று அரசு ஒதுக்கியிருந்த காட்டுப் பள்ளத்தில், 1957 வாக்கில் தொடங்கி, அலுவல் முடிந்த பின் சைக்கிளில் கல்லும் கழிவும் கொண்டுவந்து குவித்து, இரவில் பழைய டயர்களைக் கொளுத்திய வெளிச்சத்தில் வேலை செய்து, 1975-இல் அதிகாரிகளின் கண்ணில் படும் வரையில் பரம ரகசியமாக ஒரு ராஜ்யத்தையே ஸ்தாபித்துவிட்டார். சட்டப்படி பார்த்தால் அதை இடித்திருக்க வேண்டும். ஜனங்களின் ஆதரவினால் 1976-இல் தோட்டம் திறக்கப்பட்டதோடு, அவருக்குப் பதவியும் சம்பளமும் உதவிக்கு 50 தொழிலாளிகளும் கிடைத்தார்கள்.

வரைபடம் என்று ஒன்றை அவர் வைத்துக்கொண்டதில்லை. பள்ளம் வளைகிற இடத்தில் பாதையும் வளைகிறது. வாசல்களோ, வருகிறவர் யாராயினும் தலை குனிந்தே நுழையும்படி அவ்வளவு தாழ்வாக இருக்கின்றன. சில சுவர்களில் கான்கிரீட்டின் மேல் கோணியின் நெசவு அப்படியே பதிந்திருப்பதை விரலால் தடவிப் பார்க்கலாம்.

நான் போன சமயம் ஒரு கொத்தனார், கை சிதைந்த ஒரு பெண் சிற்பத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து, சிமெண்டுக் கலவையை அப்பி, மேலே மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, அது இறுகுவதற்குள் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்தார். எந்த நிறத்தை எங்கே வைப்பது என்பதற்கு ஏதாவது நியதி உண்டா என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். “பார்த்தால் தெரியும், பாபுஜி” என்று சொன்னவர், பச்சையாக ஒரு துண்டைப் பதித்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அதைப் பிடுங்கிச் சிவப்பை வைத்தார். கலாசாலைகள் வருஷக்கணக்கில் போதிக்க முயல்வது இதைத்தானோ என்னவோ!

பின்னாளில் விஸ்தரிக்கப்பட்ட பகுதிகளின் பெரிய அருவிகளும் ஊஞ்சல் மண்டபங்களும் குழந்தைகளுக்கு உற்சாகமாக இருக்கலாம். ஆனால் திருட்டுத்தனமாக உருவான முதல் பகுதியின் நெருக்கமும் பிடிவாதமும் அவற்றில் இல்லை. ஒரே சாயலில் வரிசை வரிசையாக நிற்கும் சிறிய மனிதச் சிற்பங்களைப் பார்க்கும்போது, ஊரை இழந்தவர் ஒருவர் ஊர்க்கூட்டத்தையே திரும்ப வரவழைத்துவிட்டதாகத்தான் தோன்றுகிறது.

நேக் சந்த் 2015-இல் காலமானார். அவர் உயிரோடிருந்த காலத்தில், 1990-இல் தோட்டத்தை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது நகரத்து ஜனங்கள் குறுக்கே நின்று தடுத்தார்கள். 2025-இலோ, நீதிமன்றத்துக்கு வரும் வாகனங்களின் வசதிக்காக வெளிச்சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டே விட்டது.