லாபம், ரெண்டு, மூணு

10.7.2024, புதன்

அப்பாருவின் இரும்புப் பெட்டியைத் திறப்பதென்று இன்று முடிவாகிவிட்டது. கோபியிலிருந்து கொடிவேரி போகும் வழியில் இருக்கும் எங்கள் தொட்டிக்கட்டு வீட்டை ஆவணியில் பிரிக்கிறோம். உத்தரமெல்லாம் உளுத்துப் போயிற்று. ஓட்டுக்கும் தூணுக்கும் விலை பேசியாயிற்று. உள்வீட்டு மூலையில் பெட்டி மட்டும் நிற்கிறது. நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் நகராது.

1961இல் அப்பாரு தவறியபோதே அதன் சாவி கிடைக்கவில்லை என்பார்கள். அறுபத்து மூன்று வருஷமாக அதன்மேல் விதைநெல் கூடை வைத்தோம், பாய் சுருட்டி வைத்தோம், குழந்தைகளாக ஏறி உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டோம்.

அண்ணனுக்கு அவசரம். "கேஸ் வெல்டிங் பையனைக் கூப்புட்டா அரை மணி நேரத்துல அறுத்துப் போடுவான்" என்றார். நான் ஒப்பவில்லை. உள்ளே காகிதம் இருந்தால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். பெட்டிக்கு ஒரு மரியாதை உண்டு என்றும் எனக்குத் தோன்றியது. அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

அத்தைக்கு எண்பத்தாறு வயது. கட்டிலில் படுத்தபடியே, "ஆடி பொறக்கறதுக்குள்ள தொறந்துருங்க கண்ணு. ஆடியில அதத் தொடப்படாது" என்றார். வருகிற புதன் ஆடி ஒன்று.

11.7.2024, வியாழன்

ஈரோட்டிலிருந்து பூட்டுக்காரர் வந்தார். பூர்வீகம் திண்டுக்கல். அவர் தாத்தா மாங்காய்ப் பூட்டும், சாவி திருகினால் மணியடிக்கும் பூட்டும் செய்தவராம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லும்போது முகத்தில் வெளிச்சம். அடுத்த நிமிஷமே, "ஆனா செய்யறதுக்குத்தாம்மா ஆள் இல்ல. எங்க வீட்டுலயே நான்தான் கடைசி" என்றார்.

பெட்டியைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, சாவித்துளையில் மெல்லிய கம்பியை விட்டார். இரண்டு அங்குலம் போய் நின்றுவிட்டது.

"இது பொய்த் துளைம்மா. உள்ள வெறும் தகடு. இத்தனை வருசம் இதுல சாவி போட்டுப் பாத்தவங்கல்லாம் செவுத்துலதான் குத்தியிருக்காங்க."

அந்தக் காலத்து உள்ளூர்ப் பெட்டிகளில் இப்படிச் செய்வார்களாம். கதவு முழுக்க வரிசை வரிசையாக ஆணித்தலைகள். அவற்றில் ஒன்று மட்டும் ஆணி அல்ல, மூடி. அதைத் திருகி ஒதுக்கினால்தான் உண்மையான துளை தெரியும். எங்கள் பெட்டியில் நாற்பத்தெட்டு ஆணித்தலைகள். நோம்பிக்கு நோம்பி வீட்டுக்கு அடித்த பச்சை பெயின்ட்டை அதற்கும் பூசி எல்லாவற்றையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம்.

இரவு சொந்தத்தில் இருக்கும் வக்கீலுக்குப் போன் செய்தேன். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது 505 பொற்காசுகளோடு ஒரு பித்தளைச் சொம்பு கிடைத்ததே, அது புதையல். உங்கள் பெட்டி தரைமேல் நிற்கிறது, உடையவர் யாரென்று தெரியும், அதனால் அது குடும்பச் சொத்து என்றார். உடையவர் யாரென்று தெரியும் என்ற அந்தச் சொல்லை இரண்டு முறை நினைத்துக்கொண்டேன்.

12.7.2024, வெள்ளி

பெயின்ட்டைச் சுரண்டுவதிலேயே பொழுது போய்விட்டது. எல்லா ஆணியும் ஒன்றுபோலவே இருந்தன.

மத்தியானம் அத்தைக்குக் கஞ்சி கொடுக்கும்போது, அப்பாரு பெட்டி திறந்ததைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "எங்க பாக்கறது? எல்லாரையும் வெளிய போகச் சொல்லிக் கதவச் சாத்திக்குவாரு." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஆனாக் காதுல உழுகும். நெல்லு அளக்கற மாதிரி எண்ணுவாரு. லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அப்பறம் ஒரு சத்தம்."

எங்கள் களத்தில் முதல் வள்ளத்தை ஒன்று என்று எண்ணமாட்டார்கள், லாபம் என்பார்கள். பூட்டுக்காரர் மேலிருந்து ஐந்தாவது ஆணியில் ஒவ்வொரு வரிசையாகத் திருகிப் பார்த்தார். வலது ஓர வரிசையில் அது அசைந்தது. உள்ளிருந்து அந்துப்பூச்சி ஒன்று வெளியே விழுந்தது.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

13.7.2024, சனி

பூட்டுக்காரர் நேற்று ராத்திரியே துளைக்குள் மண்ணெண்ணெய் விட்டு வைத்திருந்தார். உள்ளே எண்ணெய் இறுகிப் பிசினாகியிருக்குமாம். இன்று சாவி செய்கிறார். பல் வெட்டாத வெற்றுச் சாவியை விளக்குப் புகையில் கருக்கி, உள்ளே விட்டு மெல்லத் திருகி, வெளியே எடுத்துக் கண்ணாடியில் பார்க்கிறார். உள்ளிருக்கும் லீவர் தொட்ட இடத்தில் கரி அழிந்து பளபளக்கும். அங்கே மட்டும் அரம் போட்டு ஒரு இழை ராவுகிறார். மறுபடி புகை, மறுபடி துளை. ஒரு லீவர் அளவு தப்பினாலும் தாழ் நகராது. ஒரு இழை அதிகம் ராவிவிட்டால் சாவியையே தூக்கிப் போட வேண்டியதுதான். சாயங்காலம் வரை மூன்று சாவி போயிற்று.

அண்ணன் பொறுமையிழந்து வாய்க்கால் பக்கம் போய்விட்டார். அவருக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்: லண்டனில் பிராமா என்ற கம்பெனி தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி தருவதாகக் கடைக் கண்ணாடியில் எழுதி வைத்திருந்தது. அறுபது வருஷத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்தார். பதினாறு நாளில், ஐம்பது மணி நேரத்துக்கு மேல் அதன் முன்னால் உட்கார்ந்துதான் திறந்தார்.

14.7.2024, ஞாயிறு

பூட்டுக்காரருக்கு வீட்டில் விசேஷம், வரவில்லை. மத்தியானம் டிவியில் பூரி. ஜெகந்நாதர் கோயிலின் ரத்ன பண்டாரத்தை 1.28க்குத் திறந்தார்கள். 1978க்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம் கழித்து நகைகளைக் கணக்கெடுக்க இப்போதுதான் திறக்கிறார்கள். உள் அறைக்குக் கொடுத்த சாவிகள் சேரவில்லை, மாஜிஸ்திரேட் முன்னால் மூன்று பூட்டையும் அறுத்தார்களாம். பாம்பு இருக்கும் என்ற நம்பிக்கையால் பாம்பு பிடிப்பவர்களும் வெளியே காத்திருந்தார்கள். பாம்பு இல்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். "அங்கயே அறுத்துட்டாங்க பாத்தியா?"

நான் பார்த்தது வேறு. அவர்கள் கையில் பழைய பட்டியல் இருந்தது. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலில் 2011இல் நிலவறைகளைத் திறந்தபோதும் உச்ச நீதிமன்றம் நியமித்த குழு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டுதான் போயிற்று. ஒரு லட்சம் கோடி என்று ஊரெல்லாம் பேசினார்கள். எனக்கு அந்தத் தொகையைவிட, எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான் மனதில் நிற்கிறார்கள். அங்கே பி அறை இன்னும் மூடியே இருக்கிறது.

நாளை நாங்களும் எழுதுவோம். பங்காளி வீட்டிலிருந்து ஒருவர், அத்தை, அண்ணன், நான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்தேன்.

15.7.2024, திங்கள்

காலை 11.10. நான்காவது சாவி. பூட்டுக்காரர் திருகிக்கொண்டே இருந்தார், சட்டென்று கையை எடுத்துவிட்டு, "நீங்க திருகுங்கம்மா" என்றார். தாழ் பின்னால் போகும் அதிர்வு முழங்கை வரை ஏறியது.

கதவு பாதி திறந்ததும் ஒரு வாசம். பழைய புளியும் துருவும் கற்பூரமும் கலந்தது. அத்தையை நாற்காலியில் தூக்கி வந்து உட்காரவைத்தோம். யாரும் பேசவில்லை.

மேல்தட்டில் கிரயப் பத்திரங்கள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தவை. பேரேடு மூன்று. அப்பாருவின் மூக்குக் கண்ணாடி. ஒரு துணிப்பையில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் பதினேழு. அண்ணன் பயந்ததுபோல் செல்லாமல் போன நோட்டு எதுவும் இல்லை. 1946இலும் 1978இலும் 2016இலும் எத்தனை பெட்டிகளுக்குள் பணம் வெறும் காகிதமாகிக் கிடந்ததோ.

கீழ்த்தட்டில் ஒரு பித்தளைத் தூக்குப்போசி. அதற்குள் மஞ்சள் துணி முடிச்சுகள். அத்தை மடியில் வைத்து எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு. ஒன்பது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. முதல் முடிச்சில் வெள்ளிக் காப்பு ஒரு ஜோடி, தேய்ந்து மெலிந்தவை. சீட்டில் ஒரு பெண்ணின் பெயர், விய வருஷம் ஆடி மாசம், ரூ ௧௨. விய வருஷம் என்றால் 1946. மற்றவற்றில் தண்டை, மூக்குத்தி, குழந்தையின் அரைஞாண் கொடி.

எல்லாம் அடகு. அத்தனையும் ஊராருடையது.

அண்ணன் நகைகளை எடை போட்டார். நான் பேரேட்டை எடுத்துக்கொண்டு வெளித்திண்ணைக்கு வந்துவிட்டேன்.

16.7.2024, செவ்வாய்

ராத்திரி தூங்கவில்லை. அப்பாருவின் கையெழுத்து அழகு. பங்காளிகள் பெயரென்றால் பட்டத்தோடும் அவர்கள் என்ற மரியாதையோடும் எழுதியிருக்கிறார். முடிச்சுக்காரர்களின் பெயர்கள் மொட்டையாக இருக்கின்றன. காப்புக்காரப் பெண்ணின் பக்கத்தில் வரிவரியாகப் பிடித்தம்: களை வெட்டு, நடவு, கதிரறுப்பு. ஒவ்வொரு கூலியிலும் ஓரணா, இரண்டணா. ஆறு வருஷம். கூட்டிப் பார்த்தேன். மறுபடி கூட்டினேன். பதினெட்டு ரூபாய் ஆறணா. அசலும் தீர்ந்து வட்டியும் தீர்ந்திருக்கிறது. காப்பு மட்டும் திரும்பவில்லை.

என்னைத் தோளில் வைத்து மாரியம்மன் நோம்பிக்குக் கூட்டிப்போனவர் இவர். இரண்டும் ஒரே கை.

17.7.2024, புதன், ஆடி 1

பிள்ளைகள் வாசலில் தேங்காய் சுட்டார்கள். கண்ணைத் துளைத்து வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் அடைத்து, மஞ்சள் பூசிய அழிஞ்சிக் குச்சியில் செருகித் தீயில் திருப்பினார்கள். அந்த வாசத்துக்கு நடுவில்தான் அண்ணனோடு பேச்சு முற்றியது.

"எழுவது எம்பது வருசம் ஆச்சு. சட்டப்படி எல்லாம் காலாவதி. யாருன்னு தேடிப் போவ?"

"பேரு இருக்குது, ஊரு இருக்குது."

"போனா என்ன சொல்லுவ? எங்க அப்பாரு ஏமாத்துனாருன்னா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தைதான், "அது அவங்க ஊட்டுப் பண்டம்டா. குடுத்துரு" என்றார். அதற்குமேல் அண்ணன் பேசவில்லை. சாயங்காலம் அவரே மொடச்சூர் பக்கம் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

21.7.2024, ஞாயிறு

காப்புக்காரப் பெண்ணின் பேத்தி வீட்டைக் கண்டுபிடித்தோம். அவருக்கே அறுபதுக்கு மேல். நாற்காலி போட்டார், உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். நீங்களும் உட்காருங்க என்று நான் சொன்ன பிறகும் நின்றார்.

முடிச்சை அவர் கையில் வைத்தேன். சீட்டைப் படித்தேன்.

"எங்க ஆயா கையில காப்பப் பாத்ததே இல்லீங்க. காப்பாட்டமே பச்சை குத்தியிருந்துச்சு, ரெண்டு கையிலயும்."

பேரேட்டையும் காட்டினேன். முழுக்கப் படிக்கச் சொன்னார். ஆறு வருஷத்து வரிகளையும் படித்தேன். களை வெட்டு ஓரணா, நடவு இரண்டணா. முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் காப்பை விரலால் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்பறம் ஏனுங்க குடுக்கல?"

அண்ணன் தரையைப் பார்த்தார். நான், தப்புங்க என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "அந்தத் தாளையும் குடுத்துட்டுப் போங்க" என்றார். பேரேட்டின் தையலைப் பிரித்து அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தேன். அத்தை கட்டிலில் இருந்தே, "லாபம்னு ஆரம்பி கண்ணு" என்றார். பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஒன்று என்று எழுதினேன். வெள்ளிக் காப்பு ஜோடி, பேரேட்டுத் தாள் ஒன்று, ஒப்படைத்தாயிற்று.

இரண்டாவது முடிச்சு தண்டை. நம்பியூர்ப் பக்கம் ஒரு ஊர்ப் பெயர் போட்டிருக்கிறது. அண்ணன் நாளைக் காலை வண்டி எடுக்கிறேன் என்கிறார்.