சுவர் இருந்தால்தான் சித்திரம்



"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சுவர்ப் பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடைக்காது! ஆனால் நான் சொல்ல வருவது இந்தச் சுவரைப் பற்றி அல்ல. நம்ம உடம்பு என்கிற சுவரைப் பற்றி. "கூடைப்பந்து டீம்ல இருக்கிற பிள்ளை ஏன் இந்த வருஷம் குறுவட்டப் போட்டிக்குப் போகல?" என்று பலர் கேட்டீர்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இங்கே எழுதுகிறேன்.

ஜூலை மாதம் காலையும் மாலையும் பயிற்சி நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது வாரத்திலேயே வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரு வலி. கீழே விழவில்லை, யார் மேலும் மோதவில்லை. ஓடினால் வலிக்கும், உட்கார்ந்தால் நின்றுவிடும். அந்த வாரமே உடற்கல்வி மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் உடனே பயிற்சியை நிறுத்தி, டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை.

அங்கேதான் பிரச்சனை ஆரம்பித்தது. "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையாம்லா, பிறகு ஏன் நொண்டுத?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆடித்தபசு முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு, நீ ஏன்ட்டி இன்னும் ஒத்தக்கால்ல நிக்க?" என்று இன்னொருத்தி. (கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்ற ஊர்க்காரி நான், இதற்கெல்லாம் கோபப்பட முடியுமா?) ஆச்சி கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு, "நாளைக்கே ஓடுவ பாரு" என்றாள். விசைத்தறியில் வேலை முடிந்து வந்த அப்பா மட்டும், "வலிக்குதுன்னு பிள்ளை சொல்லுதுல்லா, இருக்கட்டும், பொறுத்துப் பார்ப்போம்" என்றார்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இந்த முறை எலும்பில் மெல்லிய கோடு மாதிரி ஒன்று தெரிந்தது. அதன் பெயர் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். தமிழில் மயிரிழை விரிசல் என்று சொல்லலாம். ஆறிலிருந்து எட்டு வாரம் ஓடக்கூடாது, குதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குறுவட்டப் போட்டி அதற்குள் முடிந்துவிடும்.

எலும்பு கல் மாதிரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். எலும்புக்கு உயிர் உண்டு. நாம் ஓடி, குதிக்கும்போது அதில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சேதங்கள் ஏற்படும். உடம்பு பழையதை அரித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டும். நம்ம தெருவில் ரோட்டுக்கு ஒட்டுப் போடுவது மாதிரிதான். ரோட்டை மூடி வைத்தால் ஒட்டு நிற்கும். ஈரம் காயும் முன்னே லாரி விட்டால்? பள்ளம் பெரிதாகும். சிமெண்ட் தரை, திடீரென்று கூடிய பயிற்சி, இடையில் ஓய்வு இல்லாமை, சத்தில்லாத சாப்பாடு இதெல்லாம் சேர்ந்தால் ஒட்டுப் போடும் வேகத்தை விட உடையும் வேகம் கூடிவிடுகிறது. அப்போதுதான் விரிசல். அது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஆற ஆரம்பித்து, புது எலும்பு படியும்போதுதான் பல பேருக்குத் தெரியும். அதாவது "ஒன்றும் தெரியவில்லை" என்பதும் "ஒன்றும் இல்லை" என்பதும் ஒன்றல்ல!

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில், இதே மாதிரி எலும்பு விரிசலால் தடுமாறிய விளையாட்டு வீரர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அதில் இரண்டு பேர் என் மனதை விட்டுப் போகவில்லை. ஒருவர் என் விளையாட்டுக்காரர். இன்னொருவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர்.

முதலாமவர் சீனாவின் யாவ் மிங். உயரம் 7 அடி 6 அங்குலம்! 2002-இல் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி, அந்த ஆண்டின் முதல் தேர்வாக அவரை எடுத்தது. அங்கே ஒரு சீசனுக்கு ஓர் அணிக்கு 82 லீக் போட்டிகள். முதல் மூன்று சீசன்களின் 246 போட்டிகளில் அவர் ஆடாமல் விட்டது இரண்டே இரண்டுதான். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் கோடைகாலத்தில் சீன தேசிய அணிக்காகவும் ஆடினார். சுமார் 140 கிலோ எடையைத் தாங்கிய அந்தப் பாதங்களுக்கு ஓய்வே கிடைக்கவில்லை என்றுதான் பலரும் பிறகு எழுதினார்கள்.

அப்புறம் வரிசையாக அடி. 2005 கடைசியில் கால்விரல் எலும்பில் தொற்று, அறுவை சிகிச்சை. 2006 ஏப்ரலில் இடது பாதம் முறிவு. அதே ஆண்டு டிசம்பரில் வலது முழங்கால் பக்கம் எலும்பு முறிவு. 2008 பிப்ரவரியில் இடது பாதத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். அந்த ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். சொந்த நாட்டில் நடக்கும் ஒலிம்பிக்ஸை யார்தான் விடுவார்கள்? ஆறு மாதத்துக்குள் தேறி வந்து, சீனக் கொடியைப் பிடித்து அணிவகுப்பில் முன்னால் நடந்தார், ஆடவும் செய்தார். 2009 மே மாதம் அதே இடது பாதத்தில் மறுபடியும் முறிவு. அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. அதற்கடுத்த சீசனில் வெறும் 5 போட்டி. 2011 ஜூலை 20-ஆம் தேதி ஓய்வை அறிவித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 30. 2016-இல் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. பெருமைதான். ஆனால் இன்னும் எத்தனை வருஷம் ஆடியிருப்பார் என்று நினைக்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாமவர் சென்னையின் லட்சுமிபதி பாலாஜி. கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர். 2004-இல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது, சிரித்த முகத்தோடு பந்து வீசி அங்கிருந்த ரசிகர்களையே கைதட்ட வைத்தவர். 2005 மார்ச்சில் மொகாலி டெஸ்டில் பாகிஸ்தானுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 9 விக்கெட். "இனி பத்து வருஷத்துக்கு இவன்தான்னு நாங்கல்லாம் பேசிக்கிட்டோம்" என்று அப்பா இப்போதும் சொல்வார்.

ஆனால் நடந்தது வேறு. முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். வேகப்பந்து வீசுபவர்கள் முதுகை வளைத்து, முறுக்கி வீசுவதால் கீழ்முதுகு எலும்பில் இது அடிக்கடி வருமாம். இருபத்து நான்கு வயதுதான். கிட்டத்தட்ட மூன்று வருஷம் பெரிய கிரிக்கெட்டே இல்லை. காத்திருந்தார். முதுகுக்குப் பாரம் குறையும்படி பந்துவீசும் முறையை மாற்றிக்கொண்டார். 2008 மே 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காகப் பஞ்சாப் அணியின் மூன்று பேரை அடுத்தடுத்த பந்துகளில் அவுட்டாக்கினார். ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அதுதான்! அடுத்த ஆண்டு இந்திய அணிக்கும் திரும்பினார். 2012-இல் இலங்கையில் நடந்த டி20 உலகக் கோப்பையிலும் பந்து வீசினார்.

இதோடு நிறுத்தினால் சினிமாக் கதை மாதிரி சுபமாக இருக்கும். ஆனால் உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும் அல்லவா? 2005 மார்ச்சுக்குப் பிறகு பாலாஜி ஒரு டெஸ்ட் போட்டி கூட ஆடவில்லை. மொத்தம் எட்டே டெஸ்ட்தான். திரும்பி வந்தார், ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. வேறொரு இடத்துக்கு வந்தார். பிறகு பயிற்சியாளராகித் தம்பிமார்களுக்குப் பந்து வீசச் சொல்லிக் கொடுத்தார்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வருஷம் நான் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வு வருஷத்தில் விளையாட வீட்டில் விடுவார்களா, தெரியாது. அப்படியென்றால் இந்த வருஷக் குறுவட்டப் போட்டிதான் எனக்குக் கடைசியோ? கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். என் இடத்தில் இப்போது பத்தாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி ஆடுகிறாள், நன்றாகவும் ஆடுகிறாள். நான் திரும்பிப் போகும்போது என் இடம் இருக்குமா? இந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. "எல்லாம் நன்மைக்கே" என்று சும்மா எழுத எனக்கு மனசு வரவில்லை.

"ஒரு மாத்திரையைப் போட்டுட்டு, காலைக் கட்டிக்கிட்டு ஆடுளா. கும்ப்ளே தாடை உடைஞ்சும் பந்து போடலையா?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்விதான். 2002-இல் ஆன்டிகுவா டெஸ்டில் அனில் கும்ப்ளே உடைந்த தாடையில் கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்து 14 ஓவர் வீசி, லாராவையே அவுட்டாக்கினார். எனக்கும் புல்லரிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கும்ப்ளே தாடையால் ஓடவில்லை! அதற்குப் பிறகு சிகிச்சைக்காக ஊருக்குத் திரும்பிவிட்டார். என் விரிசலோ, ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் என் முழு எடையையும் தாங்க வேண்டிய எலும்பில் இருக்கிறது. வலி தெரியாமல் இருக்க மாத்திரை போட்டு ஆடினால், விரிசல் முழு முறிவாகவே மாறலாம் என்று டாக்டர் சொன்னார். எட்டு வாரம் போய் எட்டு மாதமாகலாம்.

வலியோடு ஆடுகிறவர்களுக்கு நாம் கைதட்டுகிறோம். வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர்களை "சீன் போடுறா", "பயந்தாங்கொள்ளி" என்கிறோம். ஆனால் உட்கார்ந்திருப்பது லேசான வேலை இல்லை. மைதானத்தில் பந்து தட்டுகிற சத்தம் வகுப்பறை ஜன்னல் வழியாகக் கேட்கும்போது கை தானாகத் துடிக்கும். ஓடுவதற்குத் தைரியம் வேண்டும். ஓடாமல் இருப்பதற்கும் தைரியம் வேண்டும். "ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்" என்பது சோற்றுக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் பொருந்தும்.

பாலாஜி காத்திருந்ததால் எல்லாம் திரும்பக் கிடைத்ததா? இல்லை. ஆனால் விளையாட்டு திரும்பக் கிடைத்தது. எனக்கு அது போதும் என்று தோன்றுகிறது. குறுவட்டச் சான்றிதழ் போனால் ஒரு காகிதம் போகும். கால் போனால் கூடைப்பந்தே போய்விடும்.

கபடி, கோ-கோ, ஓட்டம் என்று எதை விளையாடுகிறவர்களாக இருந்தாலும் உங்களுக்குச் சில வார்த்தைகள். இவை டாக்டரும் மிஸ்ஸும் எனக்குச் சொன்னவை.

1. விழாமலே எலும்பில் ஒரே இடத்தில் வலித்து, ஓடினால் கூடி, இருந்தால் குறைந்தால், உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

2. அந்த இடத்தில் எண்ணெய் ஊற்றி அழுத்தி உருவாதீர்கள். (ஆச்சி மன்னிக்கவும்!)

3. லீவு முடிந்து வந்த முதல் வாரமே முழுப் பயிற்சி வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும்.

4. காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். பால், முட்டை, கேழ்வரகு, கீரை, சின்ன மீன் எல்லாம் எலும்புக்கு நல்லது. மெலிய வேண்டும் என்று பட்டினி கிடக்கும் தோழியரே, உங்களுக்குத்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். பட்டினி எலும்பையும் மெலிய வைக்கும்.

5. கூட விளையாடுகிற ஒருத்தர் "வலிக்குது" என்றால் கேலி செய்யாதீர்கள். நீங்கள் செய்யும் கேலிக்குப் பயந்துதான் பல பேர் வலியை மறைக்கிறார்கள்.

இப்போது ஐந்தாவது வாரம் நடக்கிறது. நடந்தால் வலி இல்லை. உட்கார்ந்தபடியே பந்தை எறிந்து பிடிக்கும் பயிற்சி மட்டும் செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. குறுவட்டப் போட்டியன்று நம் பள்ளி அணியோடு நானும் வருகிறேன், ஸ்கோர் எழுதுவதற்கு! என் இடத்தில் ஆடும் தங்கச்சிக்கு என் ஜெர்சியைத்தான் கொடுத்திருக்கிறேன். அவள் போடும் ஒவ்வொரு கூடைக்கும் முதல் கைதட்டல் என்னுடையதாக இருக்கும். நீங்களும் வந்து கைதட்டுங்கள். நம் அணி வெற்றி பெற வாழ்த்துகள்!



இப்படிக்கு,
கூடைப்பந்து அணியிலிருந்து,
பதினொன்றாம் வகுப்பு மாணவி