ஆசா ராஜாவின் காலும் அம்மாவின் காலும்

தினமும் பைபிள் வாசிப்பதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் எனக்கே சிரிப்பு வருகிறது. எழுதுகிற ஆளின் யோக்கியதை அப்படி. சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனத்துக்கு வருஷா வருஷம் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவன் நான். வீட்டில் இன்னும் மூன்று டிபன் பாக்ஸ் இருக்கிறது. ஆனால் ஒரு புத்தகத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை வாசித்தது என்று கணக்கெடுத்தால், இருபது வயது வரைக்கும் யூதா எழுதின நிருபம் ஒன்றுதான் தேறும். அதில் இருப்பதே ஒரு அதிகாரம், 25 வசனம்!

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் கோயிலில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். அந்த வருஷம் முழுக்க அதுதான் 'நம்ம வசனம்'. நான் காலேஜ் சேர்ந்த வருஷம் எனக்கு வந்தது எரேமியா 29:11. தேவன் நமக்கு நல்ல எதிர்காலத்தை நினைத்து வைத்திருக்கிறார் என்கிற அர்த்தத்தில் வருமே, அது. ஹாஸ்டல் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். அந்த செமஸ்டர் கணக்குப் பேப்பரில் அரியர் விழுந்தது. ஒரு வாரம் அந்த அட்டையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று போட்டிருப்பது எனக்குத் தெரிந்தது ரொம்பப் பிற்பாடு. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், சீக்கிரம் திரும்புவோம் என்று நினைக்காதீர்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். கடிதம் கிடைத்தவர்களில் பாதிப்பேர் அந்த நல்ல எதிர்காலத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள். நான் அதை நவம்பர் பரீட்சைக்கு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, என் அரியர் கதை போகட்டும். விஷயம் அம்மாவைப் பற்றியது.

அம்மாவுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. போன மே மாதம் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா ரொம்ப மெலிந்திருந்தார்கள். இடது கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஒன்று, துணி சுற்றி வைத்திருந்தார்கள். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. தங்கச்சிதான் கொல்லைப்புறம் கூட்டிப்போய் ரகசியமாகச் சொன்னாள். மூன்று வாரத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் ஜெபக்கூட்டத்தில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபித்திருக்கிறார். 'உனக்குச் சுகமாயிற்று, இனி மாத்திரை போட்டால் அது அவிசுவாசம்' என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரியே அம்மா மாத்திரை டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"ஏசாயா 53:5 பைபிள்ல இருக்கா இல்லியாலே? அதை நீ நம்புதியா, இல்லியா?" என்று கேட்டார்கள் அம்மா.

என்ன சொல்வது? நம்பவில்லை என்று சொல்லமுடியுமா? போனை எடுத்துத் தேடினேன். மத்தேயு 9:12 கிடைத்தது. பிணியாளிக்குத்தான் வைத்தியன் வேண்டும் என்று இயேசுவே சொல்கிறாரே என்று வாசித்துக் காட்டினேன். அம்மா அசரவில்லை. "2 நாளாகமம் 16:12 எடு" என்றார்கள். எடுத்தேன். ஆசா என்கிற ராஜாவுக்குக் காலில் வியாதி வருகிறது. அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான் என்று இருக்கிறது. அடுத்த வசனத்தில் செத்துப்போகிறான். அந்த ஊழியக்காரர் கூட்டத்தில் இதைத்தான் எடுத்துச் சொன்னாராம். ஆசாவுக்கும் காலில்தான் வியாதி, அம்மாவுக்கும் காலில்தான் புண். எனக்கு வாயடைத்துப் போயிற்று. மூன்று டிபன் பாக்ஸ் வாங்கியவனுக்கு அந்த அதிகாரத்தில் வேறு என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தாத்தா உபதேசியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது ஒரு கண்ணில் மட்டும்தான் பார்வை. ஆனாலும் விடியற்காலை நாலரைக்கு லென்ஸை வைத்துக்கொண்டு வாசிப்பதை நிறுத்தவில்லை. தினமும் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து. 66 புத்தகம், 1189 அதிகாரம், இப்படி வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும் என்பது அவர் கணக்கு. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சொன்னார்: "வசனத்துக்கு வசனம் எறிஞ்சா அது கல்லெறிச் சண்டைலே. பிசாசும் வசனம் சொல்லுவான் தெரியும்லா?"

தெரியும். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்திவைத்து, குதியும் என்று சொல்லிப் பிசாசு 91-ம் சங்கீதத்தை எடுத்துக்காட்டுகிறான். நம் வீடுகளில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கீதம். அவன் பொய்யாக ஒரு வசனத்தை உண்டாக்கவில்லை, இருக்கிற வசனத்தைத்தான் சொல்கிறான். ஆனால் சரியாக ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறான். அதற்கு அடுத்த வசனம் பாம்பை மிதிப்பதைப் பற்றி! (அதை அவன் வாயால் எப்படிச் சொல்லுவான்?) இயேசு சொன்ன மூன்று பதிலும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வருகிறவை. நாற்பது நாள் பட்டினியில் சுருளைத் தேடி எடுத்துப் பார்த்துச் சொன்ன பதில் இல்லை, உள்ளே இருந்து வந்தது. நான் போனில் தேடியதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி குடும்ப ஜெபத்தில் தாத்தா ஒரு காரியம் செய்தார். "யம்மா, நீயே வாசி. 2 நாளாகமம் 14, 15, 16 மூணையும் வாசி" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா மாமனார் சொல்லைத் தட்டுவதில்லை. வாசித்தார்கள்.

14-ம் அதிகாரத்தில் இதே ஆசாவின்மேல் பத்து லட்சம் பேர் படையெடுத்து வருகிறார்கள். அவன் கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு ஜெயிக்கிறான். 16-ல் இஸ்ரவேல் ராஜா நெருக்கும்போது, ஆலயத்தில் இருக்கிற வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்குக் கொடுத்து உதவிக்குக் கூப்பிடுகிறான். அனானி என்கிற ஞானதிருஷ்டிக்காரன் வந்து அது தப்பு என்று சொல்ல, அவனைப் பிடித்துக் காவலில் போடுகிறான். மூன்று வருஷம் கழித்துத்தான் காலில் வியாதி. அதாவது அந்த மனுஷன் எதற்கும் கர்த்தரிடத்தில் போவதில்லை என்று முடிவு பண்ணி ரொம்ப நாள் ஆயிற்று. வைத்தியர் சங்கதி அந்தக் கதையின் வால்தான். ஒரு வசனத்தை மட்டும் எடுத்தால் வைத்தியர் குற்றவாளி ஆகிறார். மூன்று அதிகாரத்தையும் வாசித்தால், தன்னிடம் உண்மையைச் சொன்னவனை அடைத்துப் போட்ட ராஜாவின் கதை அது.

அடுத்த நாள் ராத்திரி 2 இராஜாக்கள் 20. எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறான், அழுது ஜெபிக்கிறான். குணமாக்குவேன், பதினைந்து வருஷம் கூட்டித் தருவேன் என்று ஏசாயா மூலமாகவே பதில் வருகிறது. அம்மா அதுவரைக்கும் கணீரென்று வாசித்தார்கள். அடுத்த வசனத்தில் ஏசாயா அத்திப்பழத்தை அடையாகப் பண்ணச் சொல்கிறார், அதைக் கட்டியின்மேல் போடுகிறார்கள், ராஜா பிழைக்கிறான். அந்த வசனத்தில் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. ஏசாயா 53-ம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ, அந்தப் புத்தகத்துத் தீர்க்கதரிசிதான் இந்த மருந்தையும் சொல்கிறார். அதுவும் குணமாகும் என்ற வாக்கு வந்த *பிறகு*.

தாத்தா ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. ஜெபம் பண்ணிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எனக்குத்தான் வாய் துறுதுறுத்தது. தங்கச்சி தொடையில் கிள்ளினாள்.

காலையில் பார்த்தால் மாத்திரை டப்பா அடுப்படி ஷெல்பில் இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெறும் வயிற்றில் 286. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திட்டியதை இங்கே எழுதவேண்டாம். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார். புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது.

இதோடு கதை முடிந்ததென்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்கள்: "அப்போ அன்னைக்கு அவரு தலையில கைவச்சுச் சொன்னாரே, அது யாரு சொன்னது?"

அம்மாவுக்குப் பெரிய வலி கால்வலி இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அழுது, நம்பி, 'தேவன் என்னோடு பேசிவிட்டார்' என்று மூன்று வாரம் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். அதையும் சேர்த்துத்தான் நாங்கள் பிடுங்கியிருக்கிறோம்.

தாத்தாவிடம் கேட்டேன். எரேமியா 28-ஐ வாசிக்கச் சொன்னார். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. (அப்போஸ்தலர் புத்தகத்தில் வருகிறவர் அல்ல.) இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறிந்துவிடும், கொண்டுபோன பாத்திரமெல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். எழுபது வருஷம் என்று சொன்ன எரேமியா பக்கத்திலேயே நிற்கிறார். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? ஆமென், அப்படியே ஆகட்டும் என்கிறார். நடக்கும்போது தெரியும் என்பதையும் சொல்கிறார். அனனியா அவர் கழுத்திலிருந்த மர நுகத்தை உடைத்ததும், ஒன்றும் பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். மறுவார்த்தை அவருக்கு அப்புறம்தான் வருகிறது. எரேமியாவுக்கே உடனே பதில் வரவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அம்மாவிடம் நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த அதிகாரத்தை மட்டும் சேர்ந்து வாசித்தோம். நல்ல செய்தி, கேட்க ஆசையான செய்தி, கர்த்தரின் பெயராலேயே சொல்லப்பட்ட செய்தி, ஆனால் அவர் சொல்லாத செய்தி. இப்படியும் ஒன்று இருக்கமுடியும் என்று அம்மா மெதுவாகச் சொன்னார்கள்.

பெரோயா பட்டணத்து ஆட்களை எல்லாருக்கும் தெரியும், அப்போஸ்தலர் 17:11. அவர்கள் சோதித்துப் பார்த்தது ஏதோ தெருமுனைப் பிரசங்கியாரை அல்ல, பவுலை! அதிலும் மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டுதான் சோதிக்கிறார்கள், சந்தேகப் பிராணிகள் கிடையாது. தினந்தோறும் என்ற வார்த்தையும் அங்கே இருக்கிறது. பிரச்சினை வந்த பிறகு தேடினால் என்னைப்போலக் கைக்குக் கிடைத்த கல்லைத்தான் எறியமுடியும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும். தினமும் வாசித்தால் மட்டும் ஒருவன் நல்லவனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே வருஷம் ஒருதரம் பைபிளை முடித்துவிட்டு, அண்ணன் தம்பிக்குள் வரப்புக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பவர்கள் உண்டு.

ஜூனிலிருந்து நானும் அம்மாவும் ஆதியாகமத்தில் ஆரம்பித்தோம், நான் ஹாஸ்டலில், அம்மா ஊரில். வாசிக்க ஆரம்பித்த பிறகு சின்னச் சின்ன அதிர்ச்சிகள் கிடைக்கின்றன. வசன எண்கள் ஆதியிலிருந்தே இருந்தவை என்று நினைத்திருந்தேன். புதிய ஏற்பாட்டுக்கு இப்போதிருக்கிற எண்களைப் போட்டது 1551-ல் ராபர்ட் எத்தியேன் என்கிற பிரெஞ்சு அச்சுக்காரராம். அதற்கு முன்னால் அட்டையில் ஒரு வசனம் எடுப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! இன்னொன்று யோபு 8:7. எங்கள் ஊர் மளிகைக்கடை, ஆட்டோ, காலண்டர் எல்லாவற்றிலும் இருக்கிற வசனம், துவக்கம் சின்னதாக இருந்தாலும் கடைசியில் பெருகும் என்கிற மாதிரி. ஆர்வக்கோளாறில் முன்னால் தாவி யோபுவை வாசித்தபோதுதான் பார்த்தேன், அது தேவன் சொன்னதே இல்லை. யோபுவின் சிநேகிதன் பில்தாத் சொன்னது. நீ சுத்தமானவனாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று, பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம் சொன்ன பேச்சில் வருவது. 42:7-ல் தேவன் அந்தச் சிநேகிதர்கள் பேசினது சரியில்லை என்று கோபப்படுகிறார். யோபுவின் முடிவு என்னவோ அப்படியேதான் அமைந்தது, அது வேறு. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். கடன் நோட்டில் எங்கள் பெயர் இருப்பதால் சொல்லவில்லை.

எண்ணாகமம் 7-ல் நான் பத்து நாள் சிக்கிக்கொண்டேன். 89 வசனம், பன்னிரண்டு பேர் கொண்டுவந்த ஒரே காணிக்கையைப் பன்னிரண்டு தடவை எழுதியிருக்கிறது. தாத்தாவிடம் புலம்பினேன். "புரியாத எடத்துல பென்சிலால ஒரு கேள்விக்குறி போட்டுட்டு மேல போலே" என்றார். அவருடைய பைபிளைப் புரட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் கேள்விக்குறி. சிலதை அழித்திருக்கிறார். சிலது மை மங்கிப்போய் நாற்பது ஐம்பது வருஷமாக அப்படியே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் பண்ணினார்கள். சர்க்கரை 132. நியாயாதிபதிகளுக்கு வந்துவிட்டார்களாம், என்னைவிட ஒரு புத்தகம் முன்னால். யெப்தா தன் மகளைப் பற்றிப் பண்ணின பொருத்தனையைத் தேவன் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். பக்கத்து ஊரில் அடுத்த மாதம் மறுபடி அதே கூட்டம் இருக்கிறதாம், அவரே வருகிறாராம்.

"போகப்போறியாம்மா?"

"போவேன். பாட்டு நல்லாருக்கும்லா" என்றார்கள். "பைபிளையும் பென்சிலையும் எடுத்துட்டுப் போவேன்."